அப்பா யார் வீட்டில்?

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. காலையிலிருந்து மூன்று முறை இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

வரி அலுவலகத்திலிருந்து அப்பா பெயருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. வயதான பெற்றோரைக் கூடவே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு வரியில் சலுகை உண்டாம். ஒரு பிள்ளைக்கு மட்டும்தானாம். நீயும் கேட்டிருக்கிறாய், சின்னவனும் கேட்டிருக்கிறான். அந்தக் காகிதப்படி அப்பா மூன்று வருடமாக உன் வீட்டிலும் இருக்கிறார், அவன் வீட்டிலும் இருக்கிறார். என் வீட்டில் மட்டும் இல்லை!

சின்னவனுக்குப் போன் போட்டேன். "அண்ணன் காட்டிவிட்ட ஆடிட்டர்தான்க்கா சொன்னாரு. அண்ணனுக்குத் தெரிஞ்சா மிச்சமாகுறதுல பாதி கேப்பான்னு மூச்சு விடல" என்றான். நீயும் அதே பயத்தில்தான் அவனிடம் மூச்சு விடாமல் இருந்திருப்பாய். ஒரே ஆடிட்டர், ஒரே யோசனை, நல்ல அண்ணன் தம்பி போங்கள்! சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

எனக்கு அந்தச் சலுகை வேண்டாம். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள் வாங்கும் சம்பளத்துக்கு வரியே கிடையாது. கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். கோபம்தான். அப்பாவின் மாத்திரைக்குப் பணம் கேட்டபோது, இந்த வருடம் கை இறுக்கம் என்றாயே!

வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, அப்பா நேரில் போய், யாரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உண்மையை எழுதினால் உங்கள் இருவருக்கும் அபராதம். உண்மையையே எழுதுங்கள் என்றுதான் சொன்னேன். காதில் வாங்கினால்தானே! கடிதத்தோடு வந்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறார். "பெரியவனுக்குத்தானே சம்பளம் ஜாஸ்தி? அவன்கூட இருக்கேன்னு எழுதிடறேன். சின்னவனுக்கு வர்ற அபராதத்த என் பென்ஷன்ல கட்டிக்கலாம்" என்கிறார். உங்கள் ஆடிட்டர் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

நேற்றுச் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "அவன் வீட்டுல எனக்கு எந்த ரூம்னு கேட்டு வைம்மா. ஆபீசர் கேட்டா நான் முழிக்கக் கூடாதுல்ல."

நீ அந்த வீட்டைக் கட்டி ஆறு வருடம் ஆகிறது. அதற்கு மாடி இருக்கிறதா என்றுகூட அவருக்குத் தெரியாது, அண்ணா. பாதிச் சோற்றில் எழுந்து போய்க் கை கழுவினேன்.

அபராதத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அந்த வெள்ளிக்கு முன்னால் ஒரு நடை வந்துவிட்டுப் போ. நாலு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள். நான் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

வர முடியாவிட்டால், எந்த அறை என்றாவது எழுது. இன்று காலையிலும் கேட்டார். அதில் ஜன்னல் உண்டா என்றும் எழுது. காற்று இல்லாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும்.

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை