கஞ்சி நூல் அடைத்த படகு

16 நவம்பர் 1977

இன்றும் படகில் தண்ணீர். கணுக்கால் வரை. தங்கை தேவகி பள்ளிக்கூடப் பைகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். நைனா துடுப்புப் போட, நான் தகர டப்பாவால் மொண்டு மொண்டு ஊற்றினேன். ஏரி நிரம்பித் திருத்தணிப் பாதை முழுகியதிலிருந்து, ஏரியைச் சுற்றி வெகுதூரம் நடக்காவிட்டால், ஊருக்கு இந்தப் படகுதான் வழி. மழையில் தெருவில் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைக்க முடியாது, தறி நின்றுவிட்டது. வீட்டில் உலை வைப்பதும் இந்தப் படகுக் கூலியால்தான்.

படகில் இருந்த வீரபத்திரன் மாமா நைனாவைக் கேட்டார், "இன்னா நாகேந்திரா, ஏரிய படகுல ஏத்திகினு போறியா?" எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். நான் மொண்டு ஊற்றுவதை நிறுத்தவில்லை.

17 நவம்பர்

தெரிந்துவிட்டது. படகின் அடியில் கெண்டைக் குஞ்சுகள் மொய்க்கின்றன. பலகை இடுக்கில் நைனா அடைத்த நூலைக் கொத்திக் கொத்தி இழுக்கின்றன. மழையில் நனைந்து வீணான பாவு நூல் அது. கஞ்சி போட்ட நூல்! மீனுக்குச் சோறு வைத்திருக்கிறோம். மீன் தின்னாவிட்டாலும் கஞ்சி கரைந்து நூல் தளர்ந்துவிடாதா? நெசவுக்காரர் வீட்டில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே.

18 நவம்பர்

நைனாவிடம் சொன்னேன். "பலகை ஊறினா உப்பி தானா அடைச்சிக்கும். நீ போய் படி."

தார் பூசலாமே என்றேன்.

"தார் ஒட்டணும்னா கரையேத்தி கவுத்துப் போட்டு காய வைக்கணும். வெயிலு எங்க கீது? அதுவரைக்கும் இன்னாத்த துன்றது?"

அம்மா என் வாயைப் பொத்தினாள். "வெளிய சொல்லிடாதடி. ஒருத்தரும் ஏற மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை பரந்தாமன் வீட்டுக் கல்யாணம். மணப்பெண் கோமளவல்லி, கூடப் போகிறவர்கள், கைக்குழந்தைகள், சீர்த்தட்டு — எல்லாவற்றையும் ஒரே நடையில் அக்கரை சேர்க்க நைனா ஒத்துக்கொண்டிருக்கிறார். தேவகியும் போகிறாளாம். அவ்வளவு பாரத்துக்குப் படகு இன்னும் கீழே இறங்குமே. நடு ஏரியில் —

எழுத முடியவில்லை. யார்கிட்ட சொல்வேன்? சொன்னால் பட்டினி. சொல்லாவிட்டால்?

19 நவம்பர்

செஞ்சிட்டேன்.

தண்ணீர் இறைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சாயங்காலம் போனேன். முழுகுவதானால் கரையிலேயே முழுகட்டும் என்று இடுக்கில் விரலை விட்டு நூலை உருவினேன். வழவழவென்று, புளித்த கஞ்சி நாற்றத்தோடு வந்தது. நகம் கிழிந்தது பலகையில்தான். நூல் இழுத்தவுடன் வந்துவிட்டது. அவ்வளவு லேசாக. முருகா, நைனா என்னைக் கொன்னுடுவாரு. கொல்லட்டும்.

20 நவம்பர்

காலையில் படகு கரையோரச் சேற்றில் உட்கார்ந்திருந்தது, விளிம்பு மட்டும் வெளியே தெரிய. "முகூர்த்தத்துக்கு நேரமாச்சி! தறிக்காரன நம்பினேன் பாரு, என் புத்திய..." என்று பரந்தாமன் கத்தினார். மணப்பெண் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றி நடந்தாள். அவள் அத்தை வழியெல்லாம் எங்களைச் சபித்துக்கொண்டே போனாள்.

நைனா தண்ணீரில் இறங்கினார். ஒவ்வொரு இடுக்காகத் தடவினார். நிமிர்ந்து என் விரல்களைப் பார்த்தார். மறுபடி குனிந்து சேற்றை வழிக்கத் தொடங்கினார். அடித்திருக்கலாம்.

23 நவம்பர்

படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள். மழை விடவில்லை. வீட்டில் ஒருவேளைக் கூழ்தான். அம்மா என்னோடு பேசுவதில்லை.

இன்று பள்ளிக்குச் சுற்றுவழியில் நடந்தோம். நைனா முன்னால் போனார், திரும்பியே பார்க்காமல். ஏரி வழிந்து ஓடும் கலங்கல் ஓரத்தில் தண்ணீர் வேகமாக இருந்தது. தேவகி பயந்து நின்றுவிட்டாள். நைனா திரும்பி வந்து அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அப்புறம் எனக்கும் கையை நீட்டினார்.