கீழ்த்தளத்து ரயில்

மார்ச் 3, செவ்வாய்

கீழ்த்தளத்து ரயிலுக்கு வழிகாட்டும் கடைசிப் பலகையையும் இன்று கழற்றிவிட்டார்கள். ஏணி போட்டு இரண்டு பேர். எதற்கு என்று கேட்டேன். "பெயின்ட் அடிக்கப் போறோம்மா" என்றார் ஒருவர். பெயின்ட் டப்பாவையும் காணோம், பிரஷ்ஷையும் காணோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் ஒரு ரயிலையே மறைக்கிறார்கள்.

கோபம் ஆறட்டும் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் போக இரண்டு ரயில். மேலே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எக்ஸ்பிரஸ். எங்கும் நிற்காது, இருபது நிமிடத்தில் மத்திய நிலையம். கீழே சாதாரண ரயில். பதினொரு இடத்தில் நின்று, முப்பத்தைந்து நிமிடத்தில் அதே மத்திய நிலையம். பதினைந்து நிமிடம் மிச்சம் பிடிக்க ஆறு மடங்கு கட்டணம். வேண்டியவர்கள் கொடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் இரண்டு இருக்கிறது என்று தெரிந்தால்தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும்?

ஒன்பது வருடமாக இந்தத் தகவல் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். தகவல் என்று தலைக்கு மேல் பெரிதாக எழுதி, விளக்கும் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 5, வியாழன்

மேற்பார்வையாளர் கூட்டம் போட்டார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் இஸ்திரி. சட்டையில் மட்டுமல்ல, பேச்சிலும் ஒரு சுருக்கம் இருக்காது. எங்கள் சம்பளத்தை ஜனவரியிலிருந்து எக்ஸ்பிரஸ் நடத்தும் கம்பெனிதான் தருகிறதாம். அதனால் "நகரத்துக்கு எப்படிப் போவது" என்று யார் கேட்டாலும் எக்ஸ்பிரஸ்தான்.

"கீழ இருக்கறதைச் சொல்லாதீங்கன்னு நான் சொல்லலை. கேட்டா சொல்லுங்க, அவ்வளவுதான்."

"இருக்குன்னே தெரியாதவங்க எப்படி சார் கேப்பாங்க?"

"உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் இஸ்திரி போட்டிருந்தார்.

கறுப்புப் புள்ளி என்றால் இதுதான்: பயணி மாதிரி வேஷம் போட்டு ஒரு ஆளை அனுப்புவார்கள். சோதனைப் பயணி. நாம் எக்ஸ்பிரஸ் என்று சொல்லாமல் கீழ்த்தளத்தைச் சொன்னால் ஒரு புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் வீட்டுக்கு. எனக்குப் பிப்ரவரியில் ஒன்று விழுந்தது.

மார்ச் 6, வெள்ளி

ஐந்து பிள்ளைகளோடு வந்த அம்மா. ஆறு எக்ஸ்பிரஸ் டிக்கெட். நான் வாயே திறக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டாவது புள்ளி.

கைத்தடி ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர். நொண்டி நொண்டி வந்தார். அவசரமில்லை, உடம்புக்கு அலைச்சல் இல்லாமல் இருந்தால் போதும், ஓய்வூதியக்காரன் என்றார். மனசு கேட்கவில்லை. கீழே ரயில் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, உட்கார இடமும் கிடைக்கும் என்று படம் வரைந்தே கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து இஸ்திரியின் அறையிலிருந்து அதே பெரியவர் வெளியே வந்தார். தடி அக்குளில். நடை ராணுவ நடை.

வயசுக்கு மரியாதை கொடுத்தது தப்பா? அந்த ஆளுக்குச் சோறு எப்படி இறங்குகிறது?

வீட்டில் சொன்னேன். என் கணவர் வேலை பார்த்த ஆலை மூடி ஏழு மாதம். இப்போது என் சம்பளம்தான் வீடு. "ஊரோட ஒத்துப் போயேன். ரயில் என்ன உங்கப்பா வீட்டுச் சொத்தா?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான் என்று தோன்றியதில் இன்னும் கோபம் வந்தது. பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். நசுங்கிவிட்டது.

மார்ச் 11, புதன்

பக்கத்து இருக்கைக்காரி இன்றைக்கு எனக்குப் பாடம் எடுத்தாள். அவளுக்குப் புள்ளியே கிடையாது. சோதனைப் பயணியைக் கண்டுபிடிக்க மூன்று அடையாளமாம். ஒன்று, பெட்டி புத்தம் புதிதாக இருக்கும், கைப்பிடியில் விமானக்காரர்கள் ஒட்டும் சீட்டு இருக்காது. இரண்டு, பேசுமுன் நாம் மார்பில் குத்தியிருக்கும் பெயர் வில்லையைப் படிப்பார்கள். மூன்று, கேள்வி மனப்பாடம் செய்த மாதிரி தங்கு தடையில்லாமல் வரும்.

"நிஜப் பயணி உளறுவான்க்கா. தெளிவாப் பேசினா அது அவங்க ஆளு."

மார்ச் 12, வியாழன்

இன்று பிடித்துவிட்டேன்! என்னிடமா?

மூன்று மணிக்குமேல் ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். பெட்டி பளபளவென்று, கைப்பிடியில் சீட்டு இல்லை. வந்ததும் என் பெயர் வில்லையைப் படித்தாள். பிறகு நிறுத்தி நிதானமாக, "நான் நாலு மணிக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரணும். எதுல போனா சீக்கிரம் போகலாம்?" என்றாள். மூன்று அடையாளமும் அச்சு அசலாக. போன தடவை கைத்தடி, இந்தத் தடவை ஆஸ்பத்திரி. கதை கட்டுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

"எக்ஸ்பிரஸ்தாம்மா வேகமான ரயில். மத்திய நிலையத்துக்கு இருபதே நிமிஷம்" என்றேன். இஸ்திரி மாதிரியே சிரித்தேன். அவள் தயங்கி நின்றாள். நானும் மசியவில்லை. டிக்கெட் இயந்திரத்தைக் கை காட்டினேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குச் சாதாரண ரயிலில் மூன்றாவது நிறுத்தம். பன்னிரண்டு நிமிடம். அது எனக்குத் தெரியாதா? அவளுக்கும் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியும்.

வீட்டில் சொன்னதும் இவர் முகத்தில் இத்தனை நாள் கழித்து ஒரு தெளிவு.

மார்ச் 13, வெள்ளி

நேற்றைய சோதனை முடிவு என்ன சார் என்று நானே போய் இஸ்திரியைக் கேட்டேன். "அந்தப் பெரியவருக்கு அப்புறம் நாங்க யாரையும் அனுப்பலையேம்மா" என்றார்.

மார்ச் 14, சனி

விடுமுறை. எந்த வேலையும் ஓடவில்லை. யாராவது அவளுக்கு வழி சொல்லியிருப்பார்கள். ரயிலில் பக்கத்தில் இருந்தவர் சொல்லியிருப்பார். ஆனால் எக்ஸ்பிரஸில் ஏறியபிறகு சொல்லி என்ன பயன்? அது எங்கும் நிற்காதே.

மார்ச் 16, திங்கள்

அந்த அம்மாள் இன்று வந்தார்.

ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு வந்திருந்தார். என் வரிசை முழுக்கத் தீரும்வரை ஓரமாக நின்று, பிறகு வந்தார். சண்டைக்கு வரவில்லை. வந்திருக்கலாம்.

"அடுத்த மாசம் பதினொண்ணாம் தேதி திரும்ப வரணும். கீழ ஒரு ரயில் இருக்காமே, அது ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்குமாமே. அங்க நர்ஸ் சொன்னாங்க. எங்க ஏறணும்னு பார்த்து வெச்சுக்கலாம்னு கேட்டேன்."

வழி சொன்னேன். அன்றைக்கு நேரத்துக்குப் போய்விட்டீர்களா என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாமோ? இல்லை. கேட்டது சரிதான்.

அவர் தம்பி பஸ் கண்டக்டர். தொண்டையில் புற்று. குரல் பெட்டியையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிழைப்பார், ஆனால் அந்தக் குரல் இனி வராது. "பஸ்ஸு தெருமுனை திரும்பறதுக்குள்ள அவன் சத்தம் வீட்டுக்குக் கேக்கும். கடைசியா போன்ல வெறும் காத்துதான் வந்தது. கிட்டப் போய்க் காதை வெச்சா இன்னும் கேக்கும்னாங்க. ஒரு தடவை அக்கான்னு கூப்பிடறதைக் கேட்டுடலாம்னுதான் வந்தேன்." மத்திய நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போகிற ரயிலைத் தேடிப் பிடித்து, அவர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். நாலு பத்துக்கே ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அதுவரை தம்பி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். சோதனைப் பயணி, புள்ளி, மூன்று அடையாளம், உங்கள் பெட்டி —

அவர் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "இது பக்கத்து வீட்டுல இரவல் வாங்கினது. அழுக்காக்கிடக் கூடாதேன்னு சீட்டைக் கூட இறங்கினதும் கிழிச்சுட்டேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பெட்டி புதுசா இருந்ததுக்காம்மா?"

"நீங்க கேட்டது ரொம்பத் தெளிவா இருந்தது..."

"பிளேன்ல வந்தது முதல் தடவை. தப்பா கேட்டுடக் கூடாதுன்னு வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன்."

போய்விட்டார். நான் அடுத்த ஆளுக்குக் கழிப்பறை எங்கே என்று சொன்னேன்.

இத்தனை நாள் இஸ்திரிமேல், கம்பெனிமேல், அந்தத் தடிக்காரக் கிழவன்மேல் என்று எரிந்து விழுந்தேனே! அவர்களா அந்த அம்மாளை அனுப்பினார்கள்? நான்தானே அனுப்பினேன். ஆஸ்பத்திரின்னு வாயைத் திறந்து சொன்னாங்களே, அதுக்கப்புறமும் என்னடி உனக்குச் சந்தேகம்? அவ்வளவு கெட்டிக்காரியா நீ? சிரிச்சியே, சிரிச்சு அனுப்பினியே!

மார்ச் 17, செவ்வாய்

அட்டை ஒன்றை வெட்டி மேசைமேல் வைத்தேன். "கீழ்த்தளத்தில் சாதாரண ரயில் உண்டு. பெரிய மருத்துவமனைக்கு மூன்றாவது நிறுத்தம்." பத்து மணிக்கு இஸ்திரி எடுத்துப் போனார். பதினொன்றுக்கு இன்னொன்று வைத்தேன். அதையும் எடுத்தார். பிறகு அட்டை கிடைக்கவில்லை, வாயால் சொன்னேன். கேட்டவர், கேட்காதவர், கழிப்பறைக்கு வழி கேட்டவர் எல்லோருக்கும்.

"உங்களுக்குப் பைத்தியமாக்கா?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. அவளுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை.

மார்ச் 20, வெள்ளி

வந்தான். இந்தத் தடவை சந்தேகமே இல்லை. போன வருடம் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அதே ஆள். தொப்பி வைத்தால் தெரியாது என்று நினைப்பு.

"நகரத்துக்குள்ள போகணும், எது வசதி?"

இவருடைய முகம் நினைவுக்கு வந்தது. ஏழு மாதமாக வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிற முகம். ஒரு சொல் போதும், எக்ஸ்பிரஸ் என்று. பொய்கூட இல்லை.

"ரெண்டு ரயில் இருக்கு சார்" என்று ஆரம்பித்தேன். மேலே இது, கீழே அது. இது இத்தனை நிமிடம், அது இத்தனை. இது எங்கும் நிற்காது, அது இன்னின்ன இடத்தில் நிற்கும் என்று பதினொன்றையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். "உங்களுக்கு எது தோதோ அதுல போங்க. பேனா இல்லேன்னா நான் தர்றேன், எழுதிக்கோங்க" என்றேன்.

பேனாவை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. இஸ்திரி வாசித்தே காட்டினார். "கேட்டா சொல்லலாம்னுதானேம்மா சொன்னேன். கேக்காததையும் சொன்னா நான் என்ன பண்றது?" என்றார். அவர் குரலில் முதல் தடவையாக ஒரு சுருக்கம். அதனால் எனக்கென்ன? கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னேன். இவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்த அம்மா கதையைச் சொல்லாம வெச்சிருந்தியே" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, கிடங்கில் மூட்டை எண்ணும் வேலைக்கு ஆள் கேட்டார்களே, அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். போன மாதம் அந்த வேலை தன் தகுதிக்குக் குறைச்சல் என்றவர்.

ஏப்ரல் 11, சனி

காலையில் விமான நிலையத்துக்குப் போனேன். பயணிகள் வெளியே வரும் கதவருகே, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். இந்தப் பக்கம் நிற்பது இதுவே முதல் தடவை. அந்த அம்மாள் பழைய துணிப்பையோடு வந்தார். பெட்டி இல்லை.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ரயிலைக் காட்டலாம்னு..."

"அதான் அன்னைக்கே சொல்லிட்டீங்களே."

அதற்குமேல் அவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பின்னாலேயே நடந்தேன். கீழ்த்தள ரயிலில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. பன்னிரண்டு நிமிடம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

தம்பி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்குமேல் இருக்காது. கழுத்தில் வெள்ளைத் துணிக் கட்டு, மடியில் ஒரு நோட்டு. அக்காவைப் பார்த்ததும் உதடு அசைந்தது. சத்தமில்லை. அந்த அம்மாள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு "வந்துட்டேன்டா" என்றார்.

என்னை யார் என்று தம்பி கண்ணால் கேட்டார். "அந்த மேசைக்காரங்க" என்றார் அக்கா. எல்லாம் முன்பே சொல்லியிருக்கிறார் போல. தம்பி என்னை வெகுநேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்பதற்காகவே வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் ஒன்று என்னிடம் இருந்தது. அது வெளியே வரவில்லை.

அவர் நோட்டில் எழுதித் திருப்பினார். "வேலை போச்சா?"

"போச்சு" என்றேன்.

மறுபடி குனிந்து எழுதினார். மெதுவாக எழுதினார். நான் காத்திருந்தேன். திருப்பிக் காட்டினார்: "நல்லது." அடியில் ஒரு கோடும் போட்டிருந்தார்.

"என்னடா இது, வந்தவங்ககிட்ட" என்றார் அக்கா. அவர் அந்தச் சொல்லை அடிக்கவில்லை. நானும் அடிக்கச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து உட்காருங்கள் என்று கை காட்டினார். உட்கார்ந்தேன்.