கிடைக்காதவர் கையில்

பிப்ரவரி 3

காலையில் மட்டும் பதினொரு பாஸ்போர்ட் படம். மதியம் நகரக் காட்சிக்கூடத்தின் பொறுப்பாளரிடமிருந்து போன். நான் அனுப்பிய ஒன்பது படங்களையும் பார்த்தாராம், நேரில் வரச் சொல்கிறார். ஸ்டுடியோ வைத்த இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு போன் வந்ததில்லை. மாலை வரை கால் தரையில் பாவவில்லை.

பிப்ரவரி 5

போய்விட்டு வந்தேன்.

பெற்றவர்கள் விட்டுப்போன பொருளை, அது கிடைக்காமல் போனவர் கையில் கொடுத்துப் படம் எடுப்பது. இதுதான் என் வரிசை. அப்பாவின் கைக்கடிகாரம் அண்ணனுக்குப் போய்விட்ட ஒரு பல் மருத்துவர், இரவல் வாங்கி வந்து கட்டிக்கொண்டார். படம் எடுத்து முடித்த பிறகும் அவருக்குக் கழற்ற மனம் வரவில்லை. அப்படி நின்றபோது எடுத்த படத்தைத்தான் வரிசையில் வைத்திருக்கிறேன்.

பொறுப்பாளர் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஒன்பது வீட்டுச் சண்டை இருக்கு. உங்க வீடு எங்கே?"

மார்ச் பத்துக்குள் பத்தாவது படம் வேண்டுமாம். அது இல்லாமல் கண்காட்சி இல்லை. ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் தட்டியவள் நான். அக்கா வீட்டுத் தெருப்பக்கம் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது.

பிப்ரவரி 6

எழுதிவிடுகிறேன். அம்மா தையல்காரி. அவள் கத்தரிக்கோல் என் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அவள் இறந்த மூன்றாம் நாள், யாரையும் கேட்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அம்மாவைக் கடைசி நான்கு வருடம் பார்த்துக்கொண்டது அக்கா. தையல் கற்றதும் அக்காதான். எனக்கு ஒரு பட்டன் தைக்கத் தெரியாது.

அது இடக்கைக்காரர்களுக்கென்றே செய்தது. அம்மாவும் இடக்கை, அக்காவும் இடக்கை. என் வலக்கையில் அது காகிதத்தைக்கூட மென்றுதான் துப்பும். பின்னே ஏன் எடுத்தேன்? அக்காவுக்கு அம்மாவே கிடைத்தாளே என்ற வயிற்றெரிச்சல். அவ்வளவுதான்.

பிப்ரவரி 14

தம்பியை அக்காவிடம் தூது அனுப்பினேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று அலுத்துக்கொண்டே போனான். கத்தரிக்கோலோடு அவளைப் படம் எடுக்கும் என் திட்டத்தை அக்கா முழுக்கக் கேட்டாளாம். பதில் மட்டும் இல்லை.

பிப்ரவரி 20

கத்தரிக்கோலை மட்டும் படம் எடுத்து, பெரிதாக அச்சிட்டுத் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். பார்த்தாவது மனம் இளகாதா?

பிப்ரவரி 22

தெரியாத எண். எடுத்தேன்.

"படத்தத் திருப்பிப் போட்டிருக்கே. அது வலது கைக் கத்தரி. அம்மாவோடது இல்ல."

வைத்துவிட்டாள். அக்கா!

ஓடிப்போய்க் கணினியைத் திறந்தேன். சரிதான். பார்க்க ஏதோ கோணலாக இருக்கிறதே என்று இடவலம் மாற்றியிருக்கிறேன், தொழில் புத்தி, கை தானாகச் செய்திருக்கிறது. பதினொரு வருடம் அலமாரியில் வைத்துப் பார்த்த எனக்குத் தெரியவில்லை, அவளுக்கு ஒரு பார்வை போதும். வெட்கமாக இருக்கிறது. ஆனா பேசிட்டாளே... பேசிட்டா. சிரித்தேன், அழுதேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

பிப்ரவரி 23

நானே போனேன். கதவைத் திறந்தாள். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது.

கத்தரிக்கோலைத் துணியிலிருந்து பிரித்து மேசையில் வைத்தேன். "நான் செஞ்சது தப்புக்கா. படம் எடுக்கிறோமோ இல்லையோ, இது உன்னோடது."

இடக்கையில் எடுத்தாள். மெஷின்மேல் கிடந்த துணியில் ஓட்டினாள். ஒரே ஓட்டம், கடைசியில் நுனி மட்டும் தடுக்கியது.

"சாணை பிடிக்கணும்" என்றாள். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

கை கழுவும்போது மெல்ல ஆரம்பித்தேன்: உன்னை ஒரு படம்...

"கிடைக்காதவங்களத்தானே எடுப்பே? எனக்குக் கிடைச்சிருச்சே. இனி நீதான் நிக்கணும். கேமராவ என்கிட்ட கொடு."

என் திட்டத்தை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

மார்ச் 2

அக்கா ஸ்டுடியோவுக்கு வந்தாள், கத்தரிக்கோலோடு. எந்தப் பொத்தான் என்று காட்டிவிட்டுக் கத்தரிக்கோலைக் கையில் வாங்கிக்கொண்டேன். மற்றவர்களை இத்தனை வருடம் நிற்கவைத்த எனக்கு நிற்கத் தெரியவில்லை.

"சிரிக்காதே. அன்னிக்குப் பையில போட்டியே, அந்த மூஞ்சிய வை."

நாற்பத்து மூன்று படத்தில் நாற்பத்தொன்றில் எனக்குத் தலையே இல்லை. மீதி இரண்டில் ஒன்று — நான் எடுத்த ஒன்பதையும் தூக்கிச் சாப்பிடும்.

மார்ச் 9

பொறுப்பாளர் பார்த்தார். வாசலுக்கு நேரே இதைத்தான் மாட்டப்போகிறாராம். ஜெயித்துவிட்டோம்.

ஏப்ரல் 4

கால் வைக்க இடமில்லாத கூட்டம். பல் மருத்துவர் அண்ணனையே அழைத்து வந்திருந்தார். அக்கா பத்தாவது படத்தின் பக்கத்தைவிட்டு அசையவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், "இது நான் எடுத்தது."

ஒரு பத்திரிகைக்காரர், படத்தில் நிற்பது யார் என்று அவளிடம் கேட்டார். இத்தனை வருடமாகக் கேட்டவர்களிடமெல்லாம் கூடப்பிறந்தது ஒரு தம்பி மட்டும்தான் என்று சொல்லிவந்தாளாம். தம்பி இன்றுதான் சொன்னான்.

"என் தங்கச்சி" என்றாள் அக்கா. அவர் எழுதிக்கொண்டார்.