ஒரே பலகையில் இரண்டு செருப்புக் கடைகள்

அன்பு அண்ணாவுக்கு, அம்மா சொல்லத் தங்கை எழுதுவது. ஆபீஸ் பலகையில் இரண்டு செருப்புக் கடைகளின் விளம்பரத் திட்டத் தாள்கள் பக்கத்துப் பக்கத்தில் குத்தியிருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மற்றபடி இங்கே எல்லோரும் சுகம், நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா முதலில் கேட்கச் சொன்னாள்.

நம் விளம்பர ஏஜென்சி ஒரு வீடியோ கம்பெனியை வாங்கிவிட்டது. இதுவரை நோட்டீசும் போர்டும்தானே செய்தோம், இனி வீடியோவும் செய்யலாம் என்று அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று பேர் கேமராவும் விளக்குகளுமாக வந்து முன்னறையை நிறைத்துவிட்டார்கள், அம்மாவின் நாற்காலி இப்போது வாசற்படிக்குப் பக்கத்தில். அவர்களோடு அவர்களுடைய வாடிக்கையாளர்களும் வந்தார்கள், அதில் ஒருவர் நம் செருப்புக் கடை மாமாவுக்கு நேர் எதிரே கடை வைத்திருப்பவர். அம்மாவை நம்பி முதல் போர்டு எழுதக் கொடுத்தவர் மாமா. அவருடைய தள்ளுபடித் திட்டமும் எதிர்க்கடையின் திட்டமும் ஒரே பலகையில், ஒரே வாரத்துக்கு! படிப்பைப் பாதியில் விட்டவளுக்கு என்ன தெரியும் என்பார்களோ என்று நான் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் நான் சொன்னதும் அம்மா முகம் சுண்டிவிட்டது. வீடியோக்காரர், “யாருக்குக்கா தெரியப்போகுது, நடுவுல ஒரு பீரோவப் போட்டா ரெண்டு ஆபீஸ்” என்று சிரித்தார். “எனக்குத் தெரியுமேப்பா, என்னை எந்தப் பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வைப்பே?” என்றாள் அம்மா. எதிர்க்கடையைக் கைவிட்டால் வருமானம் குறைந்து, வந்த மூவரில் ஒருவருக்கு வேலை போய்விடும், மறைத்தால் மாமா முகத்தில் விழிக்க முடியாது. இரண்டு பேரிடமும் உள்ளதைச் சொல்லிவிடலாம், இருப்பதா போவதா என்று அவர்களே முடிவு செய்யட்டும் என்கிறாள். ஆனால் நேற்றிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாகவே இருக்கிறாள்.

உன் கழுத்துவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா? இதை எழுதினாயா எழுதினாயா என்று அம்மா என்னை இரண்டு தடவை கேட்டுவிட்டாள். மறக்காமல் போய்ப் பார். நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக முடியட்டும், எங்கிருந்தாலும் மனக்குறை இல்லாமல் இரு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
(கையெழுத்து மட்டும் தங்கையுடையது)

அண்ணா, இது நானாக எழுதுவது. ஆபீசுக்கு வருகிறவர்களை “உக்காருங்க” என்று சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியும். இன்று காலை மாமா ஷட்டரைத் தூக்கும்போதே போய் நின்று, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் எதிர்க்கடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “சரிம்மா, அவன் எத்தனை தள்ளுபடி போடறான்?” என்று மெதுவாகக் கேட்டார்.

அதை மட்டும் நான் சொல்லவில்லை.