எலுமிச்சைச் செடியில் இரண்டு கூடுகள்

அம்மணிக்கு,

இன்று காலை உறுதியான செய்தி: உன் எலுமிச்சைச் செடியின் முதல் கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரவில்லை. குளவி வந்தது. என் கண்ணால் பார்த்தேன். மாடி வீட்டு விலங்கியல் டீச்சரும் வந்து பார்த்து உறுதி செய்தார்.

ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது நீ என்ன சொன்னாய்? "அக்கா கூட இருக்கா. நீங்க வந்தா டாக்டரையே பேட்டி எடுப்பீங்க. இங்கேயே இருந்து செடியைப் பாத்துக்குங்க." அன்றிலிருந்து பால்கனியில் நாற்காலி போட்டுக் காவல் காத்தேன். தையல்சிட்டு வந்தால் விரட்டினேன். வெயில் ஏறினால் துண்டைக் கட்டினேன்.

"குருவி என்ன சார் பண்ணும்? புழுவா இருக்கும்போதே குளவி உள்ள முட்டை வெச்சிருக்கும்" என்றார் டீச்சர்.

"வெளியில பார்த்தா தெரியாதா?"

"தெரியாது சார். பச்சையா, நல்லாத்தான் இருக்கும்."

கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட அன்று, "பட்டாணி அளவுதாங்க, வலிக்கக்கூட இல்லை" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். கேள்வி கேட்டே பிழைத்தவனுக்கு, டீச்சரிடம் அதற்குமேல் கேட்க வாய் வரவில்லை.

கோடை முடிகிறது. மேற்கே மேகம் கூடியிருக்கிறது. தையல்சிட்டு கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. இன்று அதை விரட்டவில்லை.

இன்னும் தெரியாதவை இரண்டு. அடுத்த கூடு வியாழக்கிழமை வாக்கில் திறக்கும் என்கிறார் டீச்சர். உன் கட்டியின் சோதனை முடிவும் அன்றுதான். புதன் மாலையே செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு அங்கே வருகிறேன். இரண்டையும் சேர்ந்தே பார்ப்போம்.

உன் நிருபர்