பரணில் காய்ந்த பேட்டரி

என் அன்புச் செல்லையா மச்சானுக்கு,

நீ போய் இன்றோடு பதினெட்டு நாள். காரியத்துக்கு வந்தவர்களெல்லாம் மலையிறங்கிவிட்டார்கள். நாயுடுபுரத்தில் என் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆயுசில் பாதிக்கு மேல் பத்திரிகைக்கு எழுதியவன் நான். ஆனால் உன்னைப் பற்றி எழுதிய முதல் எழுத்தே தப்பு. அதற்கு இன்னும் திருத்தம் போடவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நம் மலைக்கிராமம் கிளாவரைக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. ஊரில் கரண்ட் இல்லை. பேட்டரி தீர்ந்தால் கீழேயிருந்து வேறு வர மாதக்கணக்காகும். ரேடியோ அறைச் சாவி உன்னிடம். விவசாயச் செய்தி முடிந்ததும் நிறுத்திவிடுவாய். "ஏலே செல்லையா, ஒரு பாட்டுப் போட்டா ஒன் சொத்தா கரையுது?" என்று கேட்பார்கள். "ஆமா, கரையுது. வீட்டுக்குப் போங்க" என்பாய்.

ஆனால் ஞாயிறு சாயங்காலம் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, இலங்கைப் பாட்டு நிலையத்தைச் சன்னமாக வைத்து நீ தனியாகக் கேட்டாய். பொது ரேடியோவை உன் சொத்தாக்கிவிட்டாய் என்று ஊரே கொதித்தது. மேலதிகாரிகளுக்கு மனு எழுதிப்போட்டவன் நான். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?

சாவி என் கைக்கு வந்தது. மூன்று வாரம் ஊர் முழுக்கப் பாட்டு. அப்புறம் ஒரு ஞாயிறு பேட்டரி தீர்ந்து ரேடியோ ஊமையாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா அழுதாள். இலங்கைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அக்காவிடமிருந்து ஒரு வருஷமாகக் கடிதம் இல்லை. இருக்கிறாளா இல்லையா, தெரியாது. ஊரிடமும் என்னிடமும் "காயிதம் வருது, நல்லா இருக்கா" என்றே சொல்லிவந்தாள் அம்மா. அக்காவின் கடைசிக் கடிதத்தை உன்னிடம்தான் படிக்கக் கொடுத்திருக்கிறாள். 'பாட்டுக் கேட்டு எழுதிப் போடுகிறேன், ரேடியோவில் நம் பெயர் வாசிப்பார்கள்' என்று அதில் இருந்ததாம். அந்தப் பெயருக்காகத்தான் நீ காது வைத்துக் கிடந்திருக்கிறாய்.

"என்கிட்ட ஏன்மா சொல்லல?"

"ஒனக்குச் சொன்னா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரில்ல!"

உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ அடுப்புக்கு மேலே, பூண்டுக் கட்டுகளைக் காயப்போட்டிருந்த பரணில் கைவிட்டுப் பழைய பேட்டரியை இறக்கினாய். "தீந்ததுதான். சூடு ஏறுனா செத்த நேரம் உசுரு பிடிக்கும். வெரசா வா, ஆறிரும்." பனிக்குள் அதைக் கம்பளியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாய்.

"மச்சான், ரேடியோவெல்லாம் ஒரே பூண்டு நாத்தம்."

"ஒன் மூக்குக்கு இல்ல மாப்ளே, காதுக்குத்தான் ரேடியோ."

அன்று பெயர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. நாலாவது ஞாயிறுதான் பெயர் வந்தது. "கிளாவரையில் இருக்கும் அம்மா, தம்பி, மாமன் மகன் செல்லையா..." நம்மோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "இருக்கா." பாட்டு தொடங்கியதும் பேட்டரி அணைந்துவிட்டது. அது என்ன பாட்டு மச்சான்? அக்காவுக்கும் நினைவில்லை.

சாவியை அன்றே நீட்டினேன். "நீயே வச்சுக்க. பேட்டரிய நான் பாத்துக்கிறேன்" என்றாய். மனு எழுதியது யார் என்று கடைசிவரை கேட்கவில்லை. என் கையெழுத்து உனக்குத் தெரியாதா என்ன?

அறுபதுகளின் கடைசியில் அக்கா பிள்ளைகளோடு திரும்பி வந்துவிட்டாள். உனக்குத் தெரிந்ததுதான். தெரியாத சேதி ஒன்று: நம் ரேடியோ அறையின் வரலாற்றை எழுதித்தரச் சொல்லிப் பஞ்சாயத்தில் பழைய கோப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் உன்மேல் சொன்ன புகார் ஒன்றுதான் இருக்கிறது. நீ சொன்ன பதில் என்று எதுவும் இல்லை.

இந்தக் கடிதத்தை அந்த மனுவோடு சேர்த்துத் தைப்பேன். வருகிற ஞாயிறு சாயங்காலம், அதே அறை வாசலில், ஊர் கேட்க வாசிக்கவும் செய்வேன். அக்காவை நாற்காலியில் வைத்துத் தூக்கியாவது கூட்டி வருகிறேன். இந்த முறை பாதியில் நிற்காது மச்சான்.

சாவியை இன்னும் வைத்திருக்கும்
உன் அத்தை மகன்,
முத்துக்கருப்பன்