ஆலை கேட் வரும்வரை

மாமா,

இன்று காலை அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பஸ், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டது. தோகை சாலையைத் தேய்த்துக்கொண்டே போனது. பச்சைக் கரும்பின் வாசனை ஜன்னல் வழியே வந்ததும் நான் எட்டி எட்டிப் பார்த்தேன். ஓட்டுகிறவரின் முதுகு தெரியவில்லை, கரும்புதான் தெரிந்தது. "ஹாரன் அடிங்கண்ணே, நேரமாவுது" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். எனக்கும் கட்டுரைப் போட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், பஸ்ஸின் மேல்கம்பியை நான் வலது கையால் பிடித்திருந்தேன்.

இதை உங்களிடம் சொல்லவே முடியாமல் போயிற்று.

பெரம்பலூரில் அந்தப் பிசியோதெரபி அறையில் இருந்தது ஒரே ஒரு கருவி. இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் கீல், ஓரத்தில் பல் வைத்த ஒரு திருகு. கம்பியை நீட்டினால் உங்கள் முழங்காலுக்கு, குறுக்கினால் என் முழங்கைக்கு. திருகை ஒரு பல் ஏற்றினால் 'டக்' என்று சத்தம் வரும், இறுகிப்போன மூட்டு ஒரு நூல் மடங்கும். வலி வரும். அது அடங்கும்வரை அப்படியே இருக்க வேண்டும். அடங்கிய பிறகுதான் அடுத்த பல். உங்களுக்கு முடித்து எனக்கு மாட்டும்போது பட்டைகள் உங்கள் காலின் சூட்டோடு இருக்கும்.

முதல் நாளே என்னிடம் கேட்டீர்கள். "கையி என்னாச்சு பாப்பா?"

ஆண்டிமடத்தில் பெரியப்பாவின் முந்திரித் தோப்பில், தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டேன் என்றேன். முட்டை வெள்ளைக்கரு தடவி நாட்டுக்கட்டு போட்டார்கள். கட்டை அவிழ்க்காமல் நாள் கடந்துபோனதில், எலும்பு கூடியது, முழங்கை இறுகிவிட்டது. வலது கை வாய்க்கு எட்டவில்லை. பத்தாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்கு அம்மா ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"மரத்துல ஏறிப் படிச்சாத்தான் மண்டையில ஏறுமா?" என்று சிரித்தீர்கள். அன்றிலிருந்து உங்களுக்கு நான் 'டீச்சர்'.

கரும்பு டிராக்டரின் டிரெய்லரில் கொக்கி மாட்டும்போது அடிபட்ட இடது முழங்கால் உங்களுடையது. கிளட்ச் மிதிக்கிற கால். எறையூர் சர்க்கரை ஆலையில் அரவை தொடங்குவதற்குள் அது மடங்கியாக வேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வீர்கள். பிசியோதெரபி மேடம் பக்கத்து அறைக்குப் போனால் போதும், உங்கள் கை திருகுக்குப் போய்விடும்.

"மாமா, கைய எடுங்க!"

"ஒரே ஒரு பல்லு டீச்சர். கொய்யாப்பழம் வாங்கித் தரேன், கம்முன்னு இரு."

"மேடம்!"

"அடிப்பாவி! ஒன்னைய யாரு இங்க கங்காணி வேலைக்கு வச்சது?"

"நான்தாங்க வச்சேன்" என்று மேடம் அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

பிறகு அரவை தொடங்க ஆலைச் சங்கு ஊதிவிட்டது. வண்டியை வேறு ஆளிடம் கொடுக்கப்போவதாக முதலாளி போன் செய்தாராம். அன்று நான் வந்து சேரும் முன்பே நீங்கள் திருகைத் தொடர்ந்து ஏற்றியிருந்தீர்கள். முட்டி பலாக்காயைப்போல வீங்கிக் கிடந்தது. மேடம் திட்டவில்லை. பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "இது முட்டிங்க. கரும்ப ஆலையில குடுத்துப் புழியிறாப்புல புழிய முடியாது. வீக்கம் வடியிற வரைக்கும் இத மாட்ட மாட்டேன்" என்றார். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வீக்கம் வடிந்து மீண்டும் கருவி மாட்டிய அன்று நீங்களாகவே கேட்டீர்கள். "டீச்சர், ஏதாச்சும் படிச்சுக் காட்டேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

என்னிடம் அறிவியல் புத்தகம் இருந்தது. ஒரு பக்கம் படித்து முடித்தால் ஒரு பல் என்று பேசிக்கொண்டோம். படம் போட்ட பக்கம் வந்தால் சீக்கிரம் முடியும் என்று நீங்கள் குதிப்பீர்கள். படத்தையும் நான் விளக்குவேன். "தாவரத்துக்கு நரம்பு இருக்குன்னு இப்ப யாரு அழுதா? ஓட்டு வண்டிய!" என்பீர்கள். நான் இன்னும் மெதுவாகப் படிப்பேன். மேடம் கேட்டுவிட்டுச் சிரித்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் முறை வந்தபோது எனக்கும் பொறுமை இல்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் புத்தகத்தை எடுக்கவில்லை. வயலில் இருந்து ஆலைக்குப் பேச்சிலேயே வண்டி ஓட்டிக் காட்டினீர்கள். வாய்க்கால் மேடு, புளியமரத் திருப்பம், வேகத்தடை, ஏரிக்கரை ஏற்றம். ஏற்றத்தில் கியர் மாற்றி உறுமுவீர்கள். ஆலை கேட் வந்தால்தான் என் திருகு ஏறும்.

"மாமா, கேட் வந்துருச்சா?"

"எங்க வர்றது? முன்னாடி ஒரு ஆட்டு மந்தை. எறங்கி ஓட்டட்டுமா?"

"நேத்தும் அதே ஆடுதான்!"

"ஆட்டுக்குத் தெரியுமா நேத்து இன்னைக்கெல்லாம்?"

நான் சிரித்து முடிப்பதற்குள் வலி அடங்கியிருக்கும்.

ஒருநாள் மேடம் ஒரு மனைக்கட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்து, கிளட்ச்சைப்போல மிதிக்கச் சொன்னார். மிதித்தீர்கள். முட்டி மடங்கியது, நீண்டது. அறை முழுக்க டிராக்டர் ஓட்டினீர்கள், வாயால்தான். "இன்னும் கொஞ்ச நாள் வரணும்" என்று மேடம் சொன்னதற்கு, "மிச்சம் அரவை முடிஞ்சுங்க" என்றீர்கள். என்னிடம், "ஒன் கையி வாய்க்கு எட்டுன அன்னைக்கு மேடம் போன்லேருந்து கூப்புடு டீச்சர். வண்டிய நிறுத்திட்டுப் பேசறேன்" என்றீர்கள்.

அதன் பிறகு கருவி மாட்டும்போதெல்லாம் அந்தச் சாலையில் மனசுக்குள் நானே தனியாக ஓட்டினேன். ஆட்டு மந்தையையும் விடவில்லை.

எட்டிய அன்று இட்லியைப் பிட்டு நானே வாயில் வைத்துக்கொண்டேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெரம்பலூருக்கு ஓடிவந்து மேடத்திடம் போன் கேட்டேன். அவர் உடனே தரவில்லை. என்னை உட்கார வைத்து, நீங்கள் இறந்துபோனதைச் சொன்னார்.

நான் முதலில் கேட்டது இதுதான்: "கிளட்ச்சா மேடம்? கால் மடங்கலையா?"

"இல்லம்மா. அன்னைக்கு வண்டியே எடுக்கல. வூட்டுல சாப்புட்டு உக்காந்திருந்தாராம். நெஞ்சு வலின்னாராம். அவ்வளவுதான்."

கால் உங்களைக் கைவிடவில்லை என்று கேட்டதும் மனசுக்குள் ஏதோ தளர்ந்தது. அப்படித் தளர்ந்ததை நினைத்து இன்றைக்கும் எனக்கு நிம்மதி இல்லை. உட்கார்ந்து இதை எழுதும்போதுகூட இரண்டு முறை எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

கை இன்னும் தோளைத் தொடவில்லை. கொஞ்சம் பாக்கி இருக்கிறது. மேடம் கருவியை வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். திருகு என் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. தொடப்போகும் போதெல்லாம் "கைய எடுங்க" என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பிறகு வாய்க்கால் மேட்டிலிருந்து கிளம்புகிறேன்.

இன்று பஸ்ஸில் எல்லோரும் ஹாரன் அடிக்கச் சொன்னபோது நான் சொல்லவில்லை மாமா. வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த டிராக்டர் ஓரம் ஒதுங்கும்வரை பின்னாலேயே வந்தேன். முன்னால் ஆட்டு மந்தை ஏதாவது இருந்திருக்கும்.